ரீல் அல்ல, ரயில் விடுகிறவர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வாங்கியாச்சு. இனிமே இதுல என்ன பண்ணலாம்?" சினிமா பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், கரண்ட் பில் கட்டலாம், ரயில் டிக்கெட் புக் செய்யலாம் என்று அவர்களே பட்டியலும் போட்டுவிடுவார்கள். எல்லாம் சரிதான். ஆனால் இந்தப் பட்டியலில் இருப்பவை அனைத்தும், வேறு யாரோ செய்து வைத்ததை நாம் பயன்படுத்துவது மட்டுமே. கம்ப்யூட்டரை வைத்து நாமே ஒன்றைச் செய்யலாம், செய்ததை நாலு பேருக்குக் கொடுக்கலாம் என்பது பட்டியலில் வருவதே இல்லை.

அதனால் இப்போதெல்லாம் நான் சொல்லும் பதில் இது: "டிக்கெட் எடுப்பது இருக்கட்டும். கம்ப்யூட்டரை வைத்து ரயிலே விடுகிறவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா?"

ரீல் விடவில்லை. உண்மையாகவே ரயில்தான்.

காருக்கு வெயில், ரயிலுக்கு நிழல்

2022-ம் ஆண்டு ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் கலிபோர்னியாவில் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் கார் எப்போதும் வெளியே வெயிலில்தான் நிற்கும். கார் நிறுத்த வேண்டிய ஷெட்டில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள், காட்டுகிறேன்" என்றார்.

போனேன். இடுப்பு உயரத்துக்கு ஒரு மர மேடை. அதன் மேல் தண்டவாளம், பாலம், குகை, சின்ன ஸ்டேஷன். ஊர் பாதிதான் இருந்தது. மறுபாதியில் வெறும் பிளைவுட்டும் பென்சில் கோடுகளும். மேடைக்குக் கீழே கலர் கலராக ஒயர்கள். ஒரு மூலையில், நம் ஊரில் எக்ஸ்சேஞ்சில் கூட எடுக்கத் தயங்குகிற பழைய டெஸ்க்டாப் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ரயில்களை ஓட்டியது அதுதான்.

இந்த ரயில்கள் 87-ல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டவை. இதை ஹெச்.ஓ. அளவு என்பார்கள். நம் பெரம்பூர் தொழிற்சாலையில் தயாரான ரயில் பெட்டியின் நீளம் சுமார் 21 மீட்டர். அதை இந்த அளவுக்குச் சுருக்கினால் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் வரும். தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர்.

அன்று ஏழெட்டு நண்பர்கள் வந்திருந்தார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவது அவர்கள் வழக்கமாம். ஒவ்வொருவரும் அந்த மாதம் செய்ததைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். ஒருவர் கொண்டுவந்த பாலத்துக்கு ஒரு பக்கம்தான் இருந்தது. இன்னொருவர் பெயின்ட் அடிக்காத நாலு வீடுகள் கொண்டுவந்தார். மூன்றாமவர் கருகிப்போன ஒரு சர்க்யூட்டை எடுத்து வைத்து, தான் எந்த ஒயரை மாற்றிக் கொடுத்து அதைக் கருக்கினேன் என்று விவரமாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் நோட்டில் குறித்துக்கொண்டார்கள்.

எனக்கு ரயிலைவிட இதுதான் அதிசயமாக இருந்தது. நான் படித்த கல்லூரியில் பாதி வேலையை யாரிடமும் காட்ட மாட்டோம். காட்டினால் ஒன்று கேலி செய்வார்கள், இல்லையென்றால் காப்பியடிப்பார்கள் என்ற பயம். இங்கே பாதி வேலையைக் காட்டுவதற்கென்றே கூடுகிறார்கள்!

தண்டவாளமே கேபிள்

ஒரே தண்டவாளத்தில் நிற்கும் இரண்டு எஞ்சின்களில் ஒன்று போகிறது, மற்றது நிற்கிறது. இது எப்படி? பழைய முறையில் தண்டவாளத்தில் கொடுக்கும் வோல்டேஜைக் கூட்டினால் வேகம், குறைத்தால் மெதுவாக. எனவே ஒரே பகுதியில் இரண்டு எஞ்சின் இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். தனித்தனியாக ஓட்ட, தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஸ்விட்ச் போட வேண்டும்.

இப்போது இருப்பது டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1990-களில் இதை எல்லோருக்கும் பொதுவான தரமாக அறிவித்தது. அந்தச் சங்கம் 1935-ல் தொடங்கப்பட்டது. ஒருவர் செய்த பெட்டி இன்னொருவர் தண்டவாளத்தில் ஓட வேண்டும் என்பதற்காகச் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் பொது அளவுகளை வகுத்த சங்கம் அது.

டி.சி.சி.யைப் பெரியவர் தன் பழைய தொழிலை வைத்தே விளக்கினார். "ஒரு தெருவில் எத்தனை வீடு இருந்தால் என்ன? கவரில் விலாசம் இருந்தால் போதும், கடிதம் சரியான வீட்டுக்குப் போகும்." ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்ற சின்ன சர்க்யூட் இருக்கிறது. அதற்கு ஓர் எண் உண்டு. அதுதான் விலாசம். மின்சாரம் போகும் அதே தண்டவாளத்தில் கட்டளையும் போகிறது. கம்ப்யூட்டரில் எல்லாமே 0, 1 என்று படித்திருப்பீர்கள். இங்கே மின்னோட்டம் ஒவ்வொரு 58 மைக்ரோ செகண்டிலும் திசை மாறினால் அது 1. 100 மைக்ரோ செகண்ட் அல்லது அதற்கு மேல் எடுத்துக்கொண்டால் அது 0. இப்படி "3-ம் எண் எஞ்சின், முன்னே போ" என்பது ஒரு பாக்கெட்டாகப் போகிறது. கடைசியில், வழியில் தப்பு நேர்ந்ததா என்று சரிபார்க்க ஒரு பைட். எல்லா டிகோடரும் எல்லாப் பாக்கெட்டையும் படிக்கும். தன் விலாசம் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளும். தண்டவாளத்தில் அழுக்கு இருந்து ஒரு பாக்கெட் தவறினாலும் பரவாயில்லை. கட்டளை திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறது. உங்கள் வீட்டு இன்டர்நெட்டிலும் தகவல் இப்படித்தான் விலாசம் ஒட்டிய பாக்கெட்டுகளாகப் போகிறது.

டிகோடருக்குள் எண்ணிட்ட பல அறைகள் இருக்கின்றன. முதல் அறையில் விலாசம், 3-ம் அறையில் கிளம்பும் விதம், 4-ம் அறையில் நிற்கும் விதம். கூட்ஸ் வண்டி மெதுவாகக் கிளம்ப வேண்டுமா? 3-ம் அறையின் எண்ணைக் கூட்டுங்கள். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மற்ற அறைகள் மாறும். நூற்றுக்கணக்கான எண்களை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

இங்கேதான் அந்தப் பழைய டெஸ்க்டாப்பில் ஓடிய சாப்ட்வேர் வருகிறது. அதன் பெயர் ஜே.எம்.ஆர்.ஐ. அதில் டிகோடர்புரோ என்று ஒரு பகுதி. டிகோடரின் மாடலைத் தேர்ந்தெடுத்தால், எந்த அறை எதற்கு என்று புரிகிற வார்த்தைகளில் திரையில் காட்டும். நாம் மவுசால் மாற்றினால் போதும். இது முற்றிலும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

அந்த விவரங்கள் சாப்ட்வேருக்குள் எப்படி வந்தன? ஒவ்வொரு மாடல் டிகோடருக்கும் யாரோ ஒரு பொழுதுபோக்கு ரயில்காரர், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பைலாகத் தட்டச்சு செய்து, தன் பெயரைப் போட்டு, எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். சம்பளம் கிடையாது. இந்தப் பைல்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இவை கோர்ட்டுக்குப் போகப் போகின்றன.

ஹேக்கர்களின் பிறந்த வீடு

பொம்மை ரயிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள சொந்தம் புதியதல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் 1946-ல் டெக் மாடல் ரெயில்ரோடு கிளப் தொடங்கப்பட்டது. அங்கே இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டிக்கு மேடைக்கு மேலே உள்ள பெட்டி, மரம், மலை மீது ஆசை. மற்ற கோஷ்டிக்கு மேடைக்குக் கீழே உள்ள ஒயர், ரிலே, டெலிபோன் டயல் மீது ஆசை. "ஹேக்" என்ற சொல்லைச் சாமர்த்தியமான வேலை என்ற நல்ல அர்த்தத்தில் வளர்த்தவர்கள் இந்தக் கீழ்க்கோஷ்டிதான். கிளப் உறுப்பினர் பீட்டர் சாம்சன் 1959-ல் தொகுத்த கிளப் அகராதியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஹேக்கர் என்றால் திருடன் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பிற்காலத்தில் வந்த கோளாறு.

இந்த மாணவர்கள்தான் கல்லூரியின் பெரிய கம்ப்யூட்டர்களைச் சுற்றி ராத்திரியெல்லாம் உட்கார்ந்தவர்கள். 1962-ல் பி.டி.பி.-1 கம்ப்யூட்டரில் ஸ்டீவ் ரஸ்ஸல் முன்னின்று "ஸ்பேஸ்வார்" என்ற விளையாட்டை எழுதினார். ஆரம்பகாலக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் அது முக்கியமானது. அவர் அதை முடித்துவிட்டுப் பூட்டி வைக்கவில்லை. டான் எட்வர்ட்ஸ் நடுவில் உள்ள சூரியனுக்கு ஈர்ப்பு விசையைச் சேர்த்தார். பீட்டர் சாம்சன் பின்னணியில் நிஜமான நட்சத்திர வரைபடத்தைச் சேர்த்தார். கம்ப்யூட்டரின் ஸ்விட்சுகளைத் தட்டித் தட்டிக் கை வலித்ததால் ஆலன் கோட்டக், பாப் சாண்டர்ஸ் இருவரும் ரயில் கிளப்பில் கிடந்த உதிரிப் பாகங்களை வைத்துக் கையில் பிடிக்கும் கண்ட்ரோல் பெட்டிகள் செய்தார்கள். இன்று வீட்டில் குழந்தைகள் அடித்துப் பிடித்துக்கொள்ளும் கேம் கண்ட்ரோலருக்கு அவை பாட்டன் முறை!

பாதியில் காட்டியதால்தான் பாக்கிப் பேர் சேர்க்க முடிந்தது. முடித்த பிறகுதான் காட்டுவேன் என்று ரஸ்ஸல் இருந்திருந்தால் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை.

கோர்ட் படியேறிய பொம்மை ரயில்

இனி பைல் கதைக்கு வருவோம். ஜே.எம்.ஆர்.ஐ. கூட்டத்தின் முன்னணியில் இருந்தவர் பாப் ஜேக்கப்சன். பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியர். ரயில் அவருக்குப் பொழுதுபோக்கு. ரயில் சாப்ட்வேர் விற்கும் நிறுவனம் ஒன்று, "உங்கள் இலவச சாப்ட்வேர் எங்கள் பேட்டன்ட்டை மீறுகிறது. ஒரு பிரதிக்கு 29 டாலர் வீதம் 7,000 பிரதிகளுக்குக் கட்டுங்கள்" என்று அவருக்குப் பில் அனுப்பியது. மொத்தம் 2,03,000 டாலர். இலவசமாகக் கொடுத்த ஒன்றுக்கு இந்தப் பில்!

ஜேக்கப்சன் 2006-ல் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடக்கும்போது இன்னொரு விஷயம் முன்னுக்கு வந்தது. ரயில்காரர்கள் தட்டச்சு செய்த அந்த டிகோடர் பைல்களை எதிர்த்தரப்பு தன் விற்பனை சாப்ட்வேருக்குப் பயன்படுத்தியிருந்தது. எழுதியவர்கள் பெயர், காப்புரிமைக் குறிப்பு, என்ன மாற்றினோம் என்ற விவரம், எதுவும் இல்லை.

"இலவசமாகத்தானே கொடுத்தீர்கள், பிறகு என்ன?" இதுதான் கேள்வி. கீழ்க்கோர்ட் 2007-ல் ஜேக்கப்சனுக்குத் தடை உத்தரவு தர மறுத்தது. நிபந்தனையை மீறினால் அது ஒப்பந்த மீறலாக இருக்கலாம், காப்புரிமை மீறல் ஆகாது என்பது அதன் பார்வை. பணம் வாங்காதவர் நஷ்டத்தை எப்படிக் கணக்கிடுவார்? அந்தப் பார்வை நிலைத்திருந்தால் இலவச சாப்ட்வேர் லைசென்ஸ்கள் பல்லில்லாத பாம்பாகியிருக்கும். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008 ஆகஸ்ட் 13-ம் தேதி அதை மாற்றியது. பணம் வாங்காமல் கொடுத்தாலும், "என் பெயரை எடுக்காதே, மாற்றியதைச் சொல்" என்று வைக்கும் நிபந்தனைக்குச் சட்டத்தின் பலம் உண்டு, அதை மீறினால் காப்புரிமை மீறலாகும் என்பது தீர்ப்பின் சாரம். 2010-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. எதிர்த்தரப்பு 1,00,000 டாலர் தர ஒப்புக்கொண்டது.

நீங்கள் பயன்படுத்தும் பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், வி.எல்.சி. எல்லாமே இப்படி நிபந்தனையோடு கொடுக்கப்பட்டவைதான். ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் பற்றிப் பேசும் வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் வழக்குகளில் ஒன்று, பொம்மை ரயில்காரர்கள் தொடுத்தது!

என் கதை

இது என்னை ஏன் இவ்வளவு பாதித்தது என்று சொல்ல வேண்டும். என் அப்பா டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறார். அவரிடம் பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகைகள், பள்ளி ஆண்டு மலர்கள் என்று ஏராளமான பைல்கள். 2016-ல் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அவற்றை யூனிகோடாக மாற்ற ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வருடம் கழித்து அதே புரோகிராம் வேறு பெயரில், 300 ரூபாய்க்கு அப்பாவின் கடைக்கே விற்பனைக்கு வந்தது. என் பெயர் இருந்த இடத்தில் வேறு ஒருவரின் போன் நம்பர். நான் செய்த எழுத்துப் பிழைகள் மட்டும் அப்படியே இருந்தன.

அப்பா, "விடுப்பா, நமக்கு எதுக்கு வம்பு" என்றார். விட்டேன். புரோகிராமை மட்டுமல்ல, கொடுக்கும் பழக்கத்தையே விட்டேன். ஐந்து வருடம் நான் எழுதியது எதையும் யாருக்கும் காட்டவில்லை.

அந்த ஷெட்டில் இந்த வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்று பெரியவரிடம் என் கதையைச் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "நீங்கள் கொடுத்தபோது நிபந்தனை எழுதி வைத்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். எழுதவில்லை. விலாசம் எழுதாத கவரைத் தபாலில் போட்டுவிட்டுத் தபால்காரரைக் குறை சொன்ன கதைதான் என்னுடையது.

ஊர் திரும்பியதும் அந்தப் புரோகிராமைத் தூசி தட்டினேன். என் பெயர், லைசென்ஸ், "இன்னின்னது இன்னும் சரியாக வேலை செய்யவில்லை" என்ற பட்டியல் மூன்றையும் சேர்த்து வெளியிட்டேன். பழைய எழுத்துருக்களில் "கொ" என்று அடிக்கக் கொம்பு முதலில் வரும், க பிறகு வரும். யூனிகோடில் க முதலில், குறி பிறகு. இந்த வரிசை மாற்றத்தில் என் புரோகிராம் சில இடங்களில் உளறும். அதையும் மறைக்காமல் பட்டியலில் எழுதினேன். இரண்டு மாதத்தில் இலங்கையிலிருந்து ஒரு டி.டி.பி.காரர், எந்தெந்தச் சொற்களில் தவறு வருகிறது என்று நாற்பது உதாரணங்கள் எழுதி அனுப்பினார். அவருக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் அந்த நாற்பது உதாரணங்கள் இல்லாமல் அது சரியாகியிருக்காது. இப்போது என் பெயருக்குக் கீழே அவர் பெயரும் இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

"நமக்கெல்லாம் ரயில் கட்டுப்படியாகுமா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். டிகோடர் வைத்த எஞ்சின் ஒன்றே பல ஆயிரம் ரூபாய். எல்லோரும் ரயில் வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆசை இருந்தால் காசில்லாமலும் தொடங்கலாம். எக்ஸ்ட்ராக்கேட் என்ற இலவச சாப்ட்வேரில் ரயில் பாதையை வரைந்து பார்க்கலாம். ஜே.எம்.ஆர்.ஐ.யில் ரயில் கருவிகள் இருப்பதுபோலவே நடிக்கும் வசதியும் உண்டு.

ஆனால் நான் சொல்ல வருவது அந்தச் சனிக்கிழமைப் பழக்கத்தை. உங்களுக்குச் சமையல் தெரியலாம், கோலம் தெரியலாம், தையல் தெரியலாம், ஊர்க் கோயில் கல்வெட்டு தெரியலாம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்குங்கள். மூன்று விஷயங்களை மட்டும் மறக்காதீர்கள்.

முதலாவது, முடியும்வரை காத்திருக்காதீர்கள். பாதியில் காட்டுங்கள், எது வரவில்லை என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். இரண்டாவது, உங்கள் பெயரையும், மற்றவர்கள் இதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதையும் ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதிக் கூடவே வையுங்கள். நாமாக வாசகம் தயாரிக்க வேண்டியதில்லை. சாப்ட்வேருக்கு ஜி.பி.எல்., எழுத்துக்கும் படத்துக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்று ஆயத்த லைசென்ஸ்கள் இருக்கின்றன. மூன்றாவது, நீங்கள் வேறு ஒருவருடையதை எடுத்தால் அவர் பெயரை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் கோலமும் கவிதையும் கூட யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து செய்ததுதான்.

"இதையெல்லாம் எழுதி வைத்தால் திருட்டு நின்றுவிடுமா?" நிற்காது. பூட்டுப் போட்டால் திருட்டே நடக்காது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் பூட்டாத வீட்டில் திருட்டுப் போனால் புகார் கொடுக்கக் கூட நமக்கே கூச்சமாக இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

பெரியவர் போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஸ்டேஷனுக்குப் பின்னால் கொஞ்சம் புல் முளைத்திருக்கிறது. மறுபாதியில் அதே பிளைவுட், அதே பென்சில் கோடுகள். கீழே ஒரு வரி: "இந்த மாதம் இவ்வளவுதான். உங்களுடையது எதுவரை வந்திருக்கிறது?"

உங்களையும் அதையேதான் கேட்கிறேன்.